கயேத்தான் பறந்த வளைவு

அத்தியாயம் ஏழு

பஸ்தியான் வேண்டுமென்றே முன்னால் போனான். பின்னால் போனால் மதாம் ஒதீல் தெலூர் சைக்கிள் ஓட்டும் காட்சியைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்தால் வேலை போகும்.

"பஸ்தியான்!" பின்னாலிருந்து மூச்சிரைப்போடு குரல் வந்தது. "இந்த ரோடு இறக்கம்னு சொன்னியே?"

"இறக்கம்தான் மதாம். நீங்க பிரேக்கை விட்டீங்கன்னா தெரியும்."

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து கீழே சேன்-வாலேர் கிராமத்துக்குப் போனது. அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம். பழங்கள் கறுத்துத் தொங்கின. செப்டம்பர் காலை வெயில் யாரையும் சுடாமல் எல்லார் மீதும் சமமாக விழுந்துகொண்டிருந்தது. நிதானமாக சைக்கிளில் சுற்ற இதைவிட நல்ல இடம் பூமியில் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். ஒதீல் மட்டும் அந்தக் கருத்தை இன்று காலையோடு கைவிட்டிருந்தாள்.

டிஜோன் நகரக் குற்றப்பிரிவில் கால் நூற்றாண்டு ஓட்டியவள் அவள். ஓய்வுபெற்ற கையோடு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். துப்பறியக் காதும் பொறுமையும் இருந்தால் போதும், காலுக்கு அதில் வேலையே கிடையாது என்பது அவளுடைய கொள்கை. அந்தக் கொள்கைக்கு ஏற்ற உடம்பையும் வளர்த்து வைத்திருந்தாள். பஸ்தியான் அவளுடைய உதவியாளன். கார் ஓட்டுவது, காபி வாங்குவது, தப்பான ஆளைக் குற்றவாளி என்று முதலிலேயே சொல்லிவிடுவது, இந்த மூன்றும் அவன் பொறுப்பு.

"நாம ஏன் கார்ல வரல மதாம்?"

"விழுந்தவன் சைக்கிள்ல வந்தான். நாமளும் சைக்கிள்ல வந்தாத்தான் அவன் பார்த்ததைப் பார்க்க முடியும்."

"நல்லவேளை, அவன் பாராசூட்ல வரல."

விழுந்தவன் பெயர் கயேத்தான் லபோர்த். லியோன் நகரத்துப் பல் வைத்தியன். அவனும் அவன் மனைவி சொலேனும், அவர்களுடைய நண்பர்கள் கிறிஸ்பினும் அவன் மனைவி மரிலூவும் வருஷா வருஷம் செப்டம்பரில் ஒரு வாரம் சைக்கிளில் கிளம்புவார்கள். 'நத்தைப் பயணம்' என்று அதற்குக் கயேத்தானே பெயர் வைத்திருந்தான். மார்பில் நத்தைப் படம் போட்ட பனியனும் நான்கு பேருக்கும் அவனே தைத்துக் கொடுத்திருந்தான். பிறகு அதே பனியனைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் பறந்து, ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பான். மற்ற மூவரும் நாக்குத் தள்ளி வந்து சேரும்போது, "அவசரமே இல்ல, நாம லீவுலதானே இருக்கோம்" என்பான். இருபது வருஷமாக இந்த நட்பு இப்படித்தான் செழித்தது.

நேற்றுக் காலை இதே சாலையில், கிறிஸ்பினுடைய சைக்கிளில் ரொட்டி வாங்கப் போன கயேத்தான் விழுந்து வலது காறை எலும்பை முறித்துக்கொண்டான். சைக்கிளின் முன் பிரேக் வயர் கழற்றப்பட்டிருந்தது. மாலைக்குள் கிறிஸ்பின் காவலில் இருந்தான். ராத்திரி ஒதீலின் தொலைபேசியில் மரிலூ அழுதுகொண்டிருந்தாள்.

வளைவில் ஒரு நீல வேன் நின்றிருந்தது. அதன்மேல் சாய்ந்தபடி போலீஸ் அதிகாரி ப்ருலே ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், அடர்ந்த மீசை. இறங்கத் தெரியாமல் இறங்கிய ஒதீலைப் பார்த்து அந்த மீசை ஒருமுறை துடித்தது.

"வாங்க மதாம். சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிடுங்க. மத்தியானம் ஆளை மாக்கோன் நகரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். ஒத்துக்கிட்டவனை எதுக்கு இழுத்தடிக்கணும்?"

"ஒத்துக்கிட்டானா?"

"நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மன்னிப்புக் கேட்டான். 'உங்க சைக்கிளா?' 'ஆமா, மன்னிச்சிடுங்க.' 'நீங்கதான் எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களா?' 'ஆமா, மன்னிச்சிடுங்க.' குத்தம் செய்யாதவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கறான்?"

"முசியே ப்ருலே," என்றான் பஸ்தியான், "அவர் இங்கிலீஷ்காரர். நீங்க அவர் காலை மிதிச்சாலும் அவர்தான் மன்னிப்புக் கேப்பார்."

ப்ருலே அவனைப் பொருட்படுத்தவில்லை. "முந்தின ராத்திரி ஹோட்டல்ல பெரிய தகராறு. 'இது சைக்கிள் இல்ல, மியூசியத்துல இருந்து திருடினது'ன்னு லபோர்த் கேலி பண்ணியிருக்கார். அதுக்கு இவன், 'ஒருநாள் உன் கழுத்து முறியும், நான் பக்கத்துல நின்னு கை தட்டுவேன்'னு எல்லார் காதும் கேக்கச் சொல்லியிருக்கான். காலையில, 'அந்த மியூசியத்துலயே போய் ரொட்டி வாங்கிட்டு வாடா, அப்புறம் பேசு'ன்னு அவனே சைக்கிளை நீட்டியிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஆள் எங்க கிடந்தார்?"

ப்ருலே ஆப்பிளால் காட்டினார். வளைவு ஆரம்பிப்பதற்குப் பத்தடி முன்னால், சாலையின் நடுவில்.

ஒதீல் அங்கே போய் நின்றாள். பிறகு நிமிர்ந்து எதிரே பார்த்தாள். சாலை இடப்பக்கம் சட்டென்று திரும்பியது. திரும்பாமல் நேரே போனால் ஒரு தாழ்ந்த வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஆசையாகப் போட்டிருந்த முட்டைக்கோஸ் தோட்டம். ஒவ்வொன்றும் பாதிரியார் தொப்பி அளவுக்கு விளைந்து, வரிசையாக, ஒரு இலைகூடக் கசங்காமல் உட்கார்ந்திருந்தன.

"எவ்வளவு அழகான முட்டைக்கோஸ்," என்றாள் ஒதீல்.

"மதாமுக்குப் பசிக்குது," என்றான் பஸ்தியான் ப்ருலேயிடம்.

"எனக்கு ஒரு உதவி செய்வீங்களா முசியே ப்ருலே? கிறிஸ்பினோட சைக்கிள்ல அந்த வயரை மறுபடி மாட்டி, பழையபடி இறுக்கி வைங்க. ஒரு மணி நேரத்துல வர்றோம்."

"அது வழக்குப் பொருள் மதாம்!"

"போட்டோ எடுத்தாச்சு, கைரேகையும் எடுத்தாச்சு. மாஜிஸ்திரேட் 'வயர் சரியா இருந்தா இந்த வண்டி ஓடுமா, நிக்குமா?'ன்னு கேட்டா என்ன சொல்லப் போறீங்க? நான் பார்த்துச் சொல்றேன். பேர் உங்களுக்கு."

கடைசி இரண்டு வார்த்தைகள் ப்ருலேயின் மீசைக்குள் இறங்கி வேலை செய்தன. அவர் தலையாட்டினார்.

மறுபடியும் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பஸ்தியான் சொன்னான்: "எனக்கு யார்னு தெரிஞ்சு போச்சு மதாம்."

"சொல்லு. தப்பான ஆளை முதல்லயே கழிச்சிடலாம்."

"பொண்டாட்டி. இருபது வருஷம் அந்த ஆள் பின்னாடி சைக்கிள் மிதிச்சிருக்கா. நானா இருந்தா ரெண்டாம் வருஷமே கழட்டியிருப்பேன்."

ஹோட்டல் முற்றத்தில், வாதுமை மர நிழலில் சொலேன் உட்கார்ந்திருந்தாள். முன்னால் காபி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஆப்ரிகாட் ஜாம். கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணைப் போல இல்லை, விடுமுறையின் முதல் நாளில் இருப்பவள் போல இருந்தாள். பஸ்தியான் ஒதீலைப் பார்த்துக் கண்ணடித்தான்.

எதிரே மரிலூ நின்றிருந்தாள். மாட்டு வைத்தியர். பலமான கைகள், அழுது வீங்கிய கண்கள்.

"கிறிஸ்பின் சைக்கிளுக்கு எண்ணெய்கூடப் போடமாட்டார் மதாம்," என்றாள் அவள். "அவர் அப்பா அவருக்கு வாங்கிக் குடுத்தது. அவர் ஊர்ல இருந்து கப்பல்ல கொண்டு வந்தார். இப்போ என்ன சொல்றார் தெரியுமா? 'ஒருவேளை நான் கவனிக்காம விட்டதாலதான் வயர் கழண்டிருக்கும், என் தப்புதான்'ங்கறார். ஸ்கூல்ல பாடம் நடத்தற மனுஷன். கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தா அவரை யார் வகுப்புக்குள்ள விடுவாங்க? சொலேன், நீயாவது சொல்லேன்! உனக்கு அவரைத் தெரியாதா?"

சொலேன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும் மரிலூ. கிறிஸ்பின் ஒரு கொசுவைக்கூட அனுமதி கேட்டுத்தான் அடிப்பான். நேத்து போலீஸ்கிட்டயும் சொன்னேன். கயேத்தான் என்னை முறைச்சார். அப்புறம் என் பேச்சை யாரும் எழுதிக்கல."

"உங்க வீட்டுக்காரருக்கு ஆபத்துன்னதும் நீங்க பதறல போல," என்றான் பஸ்தியான்.

"காறை எலும்பு ஒண்ணு. ஆறு வாரத்துல கூடிடும்." ஜாமை இன்னும் கொஞ்சம் எடுத்துத் தடவினாள். "நேத்து வரைக்கும் காலைச் சாப்பாட்டுக்கு எனக்கு ஜாம் கிடையாது தம்பி. மேடு ஏறும்போது கனமா இருப்பேனாம். நீங்க என்ன வேணா நினைச்சுக்கோங்க."

பஸ்தியானுக்குத் தன் முடிவு பாதி கரைந்துபோனது. மீதிப் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில அவர் துணிமணி குடுத்தாங்களா?" என்று கேட்டாள் ஒதீல்.

சொலேன் காலடியில் இருந்த காகிதப் பையை நகர்த்தினாள். கத்தரிக்கோலால் வெட்டப்பட்ட நத்தைப் பனியன், ஹெல்மெட், ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, சுருட்டி வைத்த தோல் கருவிப் பை. ஒதீல் கையுறைகளை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வலது கையுறையில் சாலையின் தூசு மட்டும். இடது கையுறையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தன.

"இந்தக் கிரீஸ் பழசா?"

"பழசா இருக்க வாய்ப்பே இல்ல மதாம். தினம் சாயங்காலம் அதை நான் துவைச்சுப் போடணும். வெள்ளையா இல்லேன்னா போடமாட்டார்."

"அவர் இடது கைக்காரரா?"

"இல்லையே. சோத்துக்கும் சரி, பல்லு பிடுங்கவும் சரி, வலது கைதான்."

ஒதீல் கருவிப் பையை விரித்தாள். உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் திருகாணி கழற்றும் ஒரு ஆலன் கீ, சின்னதிலிருந்து பெரியது வரை, படிக்கட்டு மாதிரி. பல் வைத்தியனின் தட்டு இதைவிட ஒழுங்காக இருக்க முடியாது. ஆனால் கடைசி அறை காலியாக இருந்தது. அதில் இருக்க வேண்டிய கீ, பக்கத்து அறையில் இன்னொன்றோடு சேர்த்துத் தலைகீழாகச் செருகப்பட்டிருந்தது.

"ஐயோ," என்றாள் சொலேன் தன்னையறியாமல். "இதை யார் தொட்டா? ஒருதடவை நான் ஒண்ணை மாத்தி வெச்சதுக்கு மூணு கிராமம் என்கூடப் பேசாம வந்தார்."

"நேத்து காலையில இந்தப் பை எங்க இருந்தது?"

"அவர் முதுகுப் பாக்கெட்ல. எப்பவும் அங்கதான். தூங்கும்போது மட்டும்தான் எடுப்பார்." அதைச் சொல்லி முடிக்கும்போதே சொலேனின் முகம் மாறியது. எதையோ கண்டுகொண்டு, அதை நம்ப மறுத்தவள்போல ஒதீலைப் பார்த்தாள். ஒதீல் பையைச் சுருட்டிக் கட்டினாள்.

"நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வாங்க மதாம் லபோர்த். ஜாமை முடிச்சிட்டே வாங்க. அவசரமில்ல."

வளைவுக்குப் பக்கத்தில், தோட்டத்தை ஒட்டி ஒரு புல்வெளி சரிந்து கிடந்தது. ப்ருலே கிறிஸ்பினுடைய பச்சை நிறப் பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன் பிரேக் வயர் மறுபடி மாட்டப்பட்டிருந்தது.

"ஏறு," என்றாள் ஒதீல்.

"நானா?" பஸ்தியான் சரிவைப் பார்த்தான். "மதாம், நேத்து இது ஒருத்தரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கு."

"நேத்து ரோடு. இன்னிக்குப் புல்லு. மேலேர்ந்து வேகமா வா. அந்த வெள்ளைக் கல்லுகிட்ட வந்ததும் பிரேக் பிடி. நீ எப்பவும் எப்படிப் பிடிப்பியோ அப்படி. யோசிக்காதே. அது உனக்குக் கஷ்டமா இருக்காது."

ப்ருலே முதல்முறையாகச் சிரித்தார்.

பஸ்தியான் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு மேலே போனான். பழைய இரும்பு வண்டி, கனம். ஆனால் சரிவில் விட்டதும் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது. காற்று காதில் இரைந்தது. மியூசியம் என்று சொன்னவன் வாயில்தான் கோளாறு, நல்ல வண்டி என்று நினைத்தான். வெள்ளைக் கல் வந்தது. ஏழு வயதில் அப்பா சொல்லிக்கொடுத்ததிலிருந்து அவன் செய்துவருவதைச் செய்தான். வலது கையை அழுத்தினான்.

பின் சக்கரம் மேலே எழுந்தது. அதற்குப் பின்னால் பஸ்தியானும் எழுந்தான். ஒரு கணம் வானமும் திராட்சைத் தோட்டமும் இடம் மாறின. அடுத்த கணம் முகம் நிறையப் புல்லோடு அவன் குப்புறக் கிடந்தான்.

"உயிரோட இருக்கியா?" ஒதீலின் குரல் மிக அமைதியாக வந்தது.

"இதுக்கு… சம்பளம்…" பஸ்தியான் ஒரு புல்லைத் துப்பினான். "தனியா தரணும் மதாம்."

"எந்தக் கையை அழுத்தினே?"

"வலது. வலதுதானே பின் பிரேக்? எல்லா சைக்கிள்லயும்…" சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். எழுந்து உட்கார்ந்து அந்தப் பச்சை வண்டியைப் பார்த்தான். வலது கைப்பிடியிலிருந்து வயர் வளைந்து இறங்கி, நேராக முன் சக்கரத்துக்குப் போனது.

ப்ருலேயும் குனிந்து பார்த்தார். "இது என்ன, மாத்தி மாட்டியிருக்கு?"

"மாத்தல. அவங்க ஊர்ல அப்படித்தான். நம்ம ஊர்ல வலது கை பின் சக்கரம், இடது கை முன் சக்கரம். அவங்க ஊர்ல நேர்மாறு. ரோட்டுல எந்தப் பக்கம் போறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, இதுவும் அதே பிடிவாதம்தான். கிறிஸ்பினுக்குப் பழகிப்போச்சு, அதைச் சொல்லணும்னே அவருக்குத் தோணல. ஏறினவருக்குத் தெரியாது. இறக்கத்துல முழு வேகத்துல முன் சக்கரத்தை மட்டும் இறுக்கிப் பிடிச்சா என்ன ஆகும்னு பஸ்தியான் சொல்வான்."

"பறக்கலாம்," என்றான் பஸ்தியான் முழங்கையைத் தேய்த்தபடி.

"ஆனா மதாம்," ப்ருலே மீசையைப் பிடித்துக்கொண்டார், "வயர் கழண்டிருந்துதே?"

"கழண்டிருந்தா அவர் எங்க போயிருப்பார்?"

ப்ருலே சாலையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். கசங்காத முட்டைக்கோஸ்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீசையிலிருந்து கை மெதுவாக இறங்கியது. பிறகு வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

"வேனை எடுங்க," என்றாள் ஒதீல். "இனிமே நான் சைக்கிள்ல வரமாட்டேன்."

ஆஸ்பத்திரியில் கயேத்தான் லபோர்த் தலையணைகளில் சாய்ந்து அரசவை நடத்திக்கொண்டிருந்தான். வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் அப்போதுதான் போயிருந்தார். போட்டோவுக்காக வாரிய தலைமுடி இன்னும் கலையவில்லை. பக்கத்துக் கட்டிலில் இடுப்பொடிந்த ஒரு கிழட்டு விவசாயி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சொலேன் சுவரோரம் நின்றாள். ப்ருலே மடியில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"கிறிஸ்பினுக்காக வந்த துப்பறிவாளரா?" கயேத்தான் பெருந்தன்மையோடு இடது கையை வீசினான். "உக்காருங்க மதாம். எனக்கு அவன்மேல கோபமே இல்ல. பாவம். இருபது வருஷம் என் பின்னாடியே வந்தவனுக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு புழுங்கியிருக்கும்!"

ஒதீல் நாற்காலியில் உட்கார்ந்து கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "முசியே, நான் கேஸ் பத்திக் கேக்க வரல. ஒரு சந்தேகம். இன்னிக்குத்தான் முதல்தடவையா இந்த மலைப்பக்கம் சைக்கிள் ஓட்டினேன். இறக்கத்துல உயிரே போயிடுச்சு. பிரேக் எப்படித்தான் பிடிக்கணும்?"

கயேத்தானின் முகத்தில் விளக்கு எரிந்தது. வலியைக்கூட மறந்து நிமிர்ந்தான்.

"நல்ல கேள்வி! முதல்ல வலது கை. அது பின் சக்கரம். மெதுவா இல்ல, தைரியமா அழுத்துங்க. வண்டி அடங்கின பிறகு இடது கையில முன் பிரேக்கை லேசாத் தொடணும், பூவைத் தொடற மாதிரி. நான் ஊர் ஊரா சொல்லிட்டிருக்கேன், இவங்க யாரும் கேக்கறதில்ல." சொலேனைப் பார்த்துத் தலையசைத்தான். "இறக்கத்துல முன் பிரேக்கை முதல்ல பிடிக்கிறவன் முட்டாள் மதாம். அவன்கிட்ட சைக்கிளைக் குடுக்கக் கூடாது. கழுதையைக் குடுக்கணும்."

"நேத்தும் அப்படித்தான் பிடிச்சீங்களா?"

"முப்பது வருஷப் பழக்கம். தூக்கத்துல கேட்டாலும் வலது கைதான் போகும்."

"தைரியமா அழுத்தினீங்க?"

"தைரியமா!"

"எழுதிக்கோங்க முசியே ப்ருலே," என்றாள் ஒதீல். "வலது கையால தைரியமா."

விசைப்பலகை கடகடத்தது. கயேத்தான் அந்தச் சத்தத்தை முதல்முறையாகக் கவனித்தவன்போலத் திரும்பினான்.

"ஆனா பிடிக்கல," என்றான் அவசரமாக. "அதான் சொன்னேனே. பிரேக் பிடிக்கவே இல்ல. தொளதொளன்னு போச்சு."

"பிடிக்கலேன்னா நீங்க நேராப் போய் முட்டைக்கோஸ் மேல விழுந்திருப்பீங்க. முழங்கால் அளவு வேலி, இளக்கமான மண்ணு, ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க வேண்டாம். ஆனா வளைவுக்குப் பத்தடி முன்னாடியே, நட்ட நடு ரோட்டுல, தலைக்கு மேல கால் வர்ற மாதிரிப் பறந்திருக்கீங்க. பிரேக் பிடிக்காத வண்டி யாரையும் தூக்கி எறியாது முசியே. பிரேக் நல்லாப் பிடிச்ச வண்டிதான் எறியும்."

"நான் இன்னிக்கு எறியப்பட்டேன்," என்றான் பஸ்தியான். தாடையில் இருந்த சிராய்ப்பைத் திருப்பிக் காட்டினான். "அதே வண்டி, அதே வலது கை. கிறிஸ்பினோட வண்டியில வலது கைதான் முன் பிரேக். எனக்கும் தெரியல. நானும் கழுதைக்கு விண்ணப்பம் போடலாம்னு இருக்கேன்."

பக்கத்துக் கட்டிலில் கிழவர் கூரையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

கயேத்தானின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிட்டது. "அப்போ வயரை… வயரை யார் கழட்டினா?"

"அதைத்தான் நானும் தேடினேன்." ஒதீல் பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்துப் போர்வைமேல் வைத்தாள். "விழுந்த பிறகு கழட்டியிருக்காங்க. வலது கை அசையாததால இடது கையால கழட்டியிருக்காங்க. அந்தக் கீயைத் திருப்பி வைக்கும்போது, இடது கை பழக்கமில்லாததால தப்பான அறையில, தலைகீழாச் செருகியிருக்காங்க." தோல் பையை விரித்தாள். "உங்க முதுகுப் பாக்கெட்ல இருந்த பை."

கயேத்தான் அந்தத் தலைகீழ் கீயைப் பார்த்தான். அந்த நிலையிலும் அவனுடைய இடது கை தானாக நீண்டு, அதை எடுத்துச் சரியான அறையில் நேராகச் செருகியது. பஸ்தியானுக்கு முதல்முறையாக அவன்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

"கயேத்தான்," என்றாள் சொலேன். அவ்வளவுதான் சொன்னாள்.

"நீ என்னைப் பார்க்காதே!" அவன் வெடித்தான். "நான் அங்க கிடந்தேன். பறக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எந்தக் கைன்னு. இன்னும் கொஞ்ச நேரத்துல ரொட்டிக்காரம்மா வருவா. நீங்க மூணு பேரும் வருவீங்க. மரிலூ சிரிப்பா. அவன் சிரிக்கமாட்டான், அதுதான் இன்னும் மோசம், 'மன்னிச்சிடுடா, நான் சொல்லியிருக்கணும்'பான். இருபது வருஷமா பிரேக் பிடிக்கச் சொல்லிக்குடுத்தவன் நான்! நான் போய் ரொட்டி வாங்கப்போற வழியில…" இடது கையால் போர்வையைக் குத்தினான். "வயர் கழண்டுபோச்சுன்னு மட்டும்தான் சொல்ல நினைச்சேன். அவனை உள்ள தள்ளணும்னு நினைக்கல. சத்தியமா."

"நான் 'யார்மேல சந்தேகம்?'னு கேட்டேனே," என்றார் ப்ருலே. அவர் குரலில் காலையில் இருந்த சோம்பல் இல்லை. "யோசிக்கக்கூடச் செய்யாம ஒரு பேர் சொன்னீங்க."

கயேத்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அறையில் யாரும் அவனுக்கு உதவவில்லை.

ப்ருலே எழுந்து வெளியே போய்த் தொலைபேசியில் பேசினார். கிறிஸ்பினை விடச் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. அந்தப் பக்கம் கிறிஸ்பின் என்ன சொன்னானோ, "நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க? நான்தான் கேக்கணும்!" என்று ப்ருலே கத்தியதும் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, வாக்குமூலம் முழுவதையும் புதிதாக அடித்தார். அடித்து முடிக்கும்வரை கயேத்தான் போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"பொய்ப் புகார், நிரபராதியைக் காவல்ல வைக்கக் காரணமா இருந்தது, சாட்சியத்தை மாத்தினது," ப்ருலே வாசித்தார். "கோர்ட்டுக்கு வரணும். ஒருவேளை தண்டனையும் இருக்கும். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"பத்திரிகைக்காரங்களுக்கும் தெரியவரும்."

"தெரியட்டும். ஏமாத்துக்காரன்னு போடட்டும். பொய்யன்னு போடட்டும். எல்லாத்துலயும் கையெழுத்துப் போடறேன்." கயேத்தான் முன்னால் சாய்ந்து, ப்ருலேயின் சட்டைக் கையை இடது கையால் பிடித்தான். கண்ணில் நீர் நின்றது. "ஒண்ணே ஒண்ணு. தயவு பண்ணி… எந்தக் கையால பிரேக் பிடிச்சேன்னு மட்டும் எழுதாதீங்க."

பஸ்தியான் வாயைத் திறந்தான். இருபத்தெட்டு வயதில் முதல்முறையாக அவனுக்கு எந்தக் கிண்டலும் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

ப்ருலே ஒதீலைப் பார்த்தார். ஒதீல் தன் முழங்காலைத் தடவியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"சட்டம் முசியே," என்றார் ப்ருலே, சட்டைக் கையை விடுவித்துக்கொண்டு. "நடந்ததை நடந்தபடி எழுதணும். கையெழுத்துக்கு முன்னாடி சாட்சிகள் எதிர்ல உரக்க வாசிக்கவும் வேணும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். தேதி, பெயர், முகவரி. அந்த வரி வந்தபோது கயேத்தான் கண்களை இறுக மூடிக்கொண்டான். ப்ருலே மீசைக்குள்ளேயே, ஏறக்குறைய இரக்கத்தோடு, அதை முணுமுணுத்துத் தாண்டப் பார்த்தார்.

சுவரோரம் நின்ற சொலேன் ஓரடி முன்னால் வந்தாள்.

"அந்த வரியை இன்னொருதடவை படிங்க," என்றாள். "கொஞ்சம் சத்தமா. பக்கத்துக் கட்டில்காரருக்குக் காது கேக்காது."